பெயரில் நின்ற தோட்டம்

மூன்று வயது நிரம்பிய குழந்தை கல்வி பெறப் புகும் முதல் வகுப்பினை 'எல்.கே.ஜி.' என்றும், அடுத்த வகுப்பினை 'யு.கே.ஜி.' என்றும் தமிழ் மக்கள் வழங்குகின்றனர். இவ்வெழுத்துகள் வழங்காத ஊர் இன்று அரிது. ஆயினும், அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்ட்டன்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். கிண்டர் என்றால் குழந்தைகள். கார்ட்டன் என்றால் தோட்டம். ஆகவே, முதுகிற் பையும் தோளில் நீர்ப்புட்டியுமாகக் காலையில் தெருவிற் செல்லும் சிறு குழந்தை, பெயரளவில் ஒரு தோட்டத்திற்கே செல்கிறது. சென்று சேரும் இடத்தில் தோட்டம் உண்டா என்பது வேறு கேள்வி. நான்கு சுவர்களும், வரிசையாக இட்ட பெஞ்சுகளும், சுவரில் ஒட்டிய மாம்பழப் படமும் மயிற்படமுமே பெரும்பாலும் அங்குக் காணப்படுகின்றன. சாளரத்திற்கு வெளியே மாமரம் நிழல் பரப்பி நின்றாலும், குழந்தை படத்தை நோக்கியே 'மா' என்று சொல்லப் பழகுகிறது.

பெயர் நிலைத்துப் பொருள் நழுவிய இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? தோட்டம் என்பது அன்பு மிகுதியாற் சூட்டிய உவமைப் பெயர் மட்டுமா? அன்றி, மண்ணும் நீரும் செடியும் உடைய மெய்யான தோட்டமா? இதனைத் தெளிய வேண்டின், பெயரிட்டவரின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

பிரெடரிக் புரோபெல் 1782ஆம் ஆண்டு ஜெர்மனியில், தூரிங்கியா என்னும் காடு செறிந்த மலைநாட்டிற் பிறந்தார். தந்தையார் சமயகுரு, ஊர்ப்பணி மிகுதியால் மகனைக் கவனிக்க நேரமில்லாதவர். அன்னையோ குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன்பே இறந்துவிட்டார். தாயற்ற அச்சிறுவனுக்குத் தோட்டமும் மலைச்சாரலும் துணையாயின. பதினைந்தாம் வயதில் அவர் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். காவலர் கற்பித்தது சிறிதே. காடு கற்பித்தது பெரிது. பின்னர்ச் சுவிட்சர்லாந்து சென்று, பெசுடலாசி என்னும் புகழ்பெற்ற கல்வியாளரிடம் ஈராண்டு தங்கிப் பயின்றார். பெர்லின் நகரில் கனிமங்களின் தொகுப்பினைக் காக்கும் பணியில் அமர்ந்து, படிகங்கள் ஒழுங்கான வடிவம் கொள்ளும் முறையைக் கண்டு வியந்தார். உயிரில்லாக் கல்லே உள்ளிருந்து ஒரு வடிவம் பெறுமாயின், உயிருள்ள குழந்தை உள்ளிருந்தே வளர்தல் இயல்பு என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். அதற்குத் தக்க பெயர் உடனே வாய்க்கவில்லை. 1840ஆம் ஆண்டிலேதான் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயர் நிலைபெற்றது.

அப்பெயர் உவமையும் ஆகும், மெய்யும் ஆகும். குழந்தை செடி போன்றது, ஆசிரியர் தோட்டக்காரர் போன்றவர் என்பது உவமை. இவ்வுவமையைப் பலரும் எடுத்துரைப்பர். மெய்யான தோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தி வேண்டும் என்பது புரோபெலின் திட்டம். இடம் குறைவாயின் இரு குழந்தைகள் ஒரு பாத்தியைப் பகிர்ந்துகொள்ளலாம். அத்தனிப் பாத்திகளைச் சூழ்ந்து பொதுப் பாத்திகள் அமைதல் வேண்டும். பொதுப் பாத்தியில் மலர்ச்செடிகளும் காய்கறிகளும் முறைப்படி வளரும். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அவற்றைப் பேணுவர். தன் பாத்தியிலோ குழந்தை தன் விருப்பம்போல் எதனையும் நடலாம்; நட்டதைக் கெடுத்தும் கொள்ளலாம். தனக்கென ஒன்றும் பொதுவென ஒன்றும் உண்டு. தன்னுடையது பொதுவின் நடுவே இருக்கிறது. இவ்வுண்மையை மூன்று வயதுக் குழந்தைக்குச் சொற்களால் உணர்த்த வல்லவர் யார்? பாத்திகளின் அமைப்பே அதனை உணர்த்தும்படி அவர் செய்தார்.

பாத்தி கற்பிக்கும் பாடம் இவ்வளவில் நிற்பதன்று. விதையை ஊன்றிய குழந்தை, மறுநாள் அது முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும். தோண்டிய விதை முளைப்பதில்லை. அடுத்த முறை குழந்தை தோண்டாமற் காத்திருக்கும். 'பொறு' என்று பெரியவர் நூறு முறை கூறியும் வாராத பொறுமை, ஓர் அவரை விதையால் வந்துவிடும். ஈண்டுத் தண்டனை இல்லை. கடிந்து பேசுவோர் இல்லை. நீர் விடாத செடி வாடுகிறது. மிகுதியாக நீர் விட்ட செடி அழுகுகிறது. காரணமும் காரியமும் கண்ணெதிரே நிகழ்கின்றன. பொம்மையோ, எப்படி நடத்தினும் அப்படியே கிடக்கும். செடி அவ்வாறன்று, குழந்தை செய்ததற்கு அது விடையளிக்கிறது.

புரோபெலின் கடைசி நாட்கள் துயரம் நிறைந்தவை. 1851ஆம் ஆண்டு பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன் நிலையங்களைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் அரசுக்கு மாறான கொள்கைகளையும் குழந்தைகளுக்கு ஊட்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய தமையனார் மகனான வேறொரு புரோபெல் எழுதிய நூலை இவருடையதாகக் கருதி மயங்கியதும் அத்தடைக்கு ஒரு காரணம் ஆயிற்று. அவரை மண்வெட்டி பிடித்த குழந்தைகளுக்கு அஞ்சிய அரசு என்று வரலாறு அதனை நினைவிற் கொண்டுள்ளது. தடை நீங்குமுன்பே, 1852ஆம் ஆண்டு, புரோபெல் மறைந்தார். 1860ஆம் ஆண்டு தடை நீங்கியது. அதற்குள் அவருடைய மாணவியரும் அன்பரும் அம்முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றிருந்தனர்.

கொண்டு சென்ற வழியிலேதான் தோட்டம் தவறிப் போயிற்று. பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களைப் புரோபெல் அமைத்திருந்தார். அவற்றைப் பெட்டியில் இட்டு விற்கலாம். அமெரிக்காவில் மில்ட்டன் பிராட்லி போன்ற வணிகர் அவ்வாறே செய்து விற்றனர். பாட்டினை அச்சிட்டு அனுப்பலாம். கைவேலையைப் படம் வரைந்து விளக்கலாம். தோட்டத்தை எந்தப் பெட்டியில் இட்டு அனுப்புவது? நகரத்து வாடகை வீட்டில் அதற்கு இடம் ஏது? எடுத்துச் செல்ல எளியவை எல்லாம் கடல் கடந்து சென்றன. எடுத்துச் செல்ல இயலாத மண் அங்கேயே தங்கிவிட்டது. பெயர் மட்டும் முழுமையாக வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் எழுத்தும் எண்ணும் வந்து, எஞ்சியிருந்த விளையாட்டையும் ஒரு மூலைக்குத் தள்ளின.

இழந்ததை மீட்கும் முயற்சி பல இடங்களில் நடந்தது. 1950களில் டென்மார்க்கு நாட்டில் எல்லா பிளாட்டாவ் என்னும் தாய், தம் குழந்தைகளையும் அயல்வீட்டுக் குழந்தைகளையும் நாள்தோறும் காட்டிற்கு அழைத்துச் சென்று வந்தார். அதனைக் கண்ட பெற்றோர் ஒன்றுகூடிக் காட்டுப் பள்ளி ஒன்றை உருவாக்கினர். ஜெர்மனியில் 1968ஆம் ஆண்டு வீஸ்பாடன் நகரில் இத்தகைய பள்ளி தோன்றியது. 1993ஆம் ஆண்டு பிளென்ஸ்பர்க் நகரில் அமைந்த பள்ளி அரசின் ஏற்பினைப் பெற்றது. இன்று அந்நாட்டில் இவ்வகைப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டுள்ளன.

அப்பள்ளிக்குக் கட்டடம் இல்லை. கடுங்குளிரில் ஒதுங்குவதற்கு மர வண்டி ஒன்று நிற்கும், அவ்வளவே. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள இருபது குழந்தைகள், ஆசிரியர் இருவருடன் காலை முழுவதும் காட்டில் இருப்பர். மழை பெய்தாலும் பனி விழுந்தாலும் அதற்கேற்ற உடையணிந்து வருவர். புயற்காற்று வீசும் நாளில் மட்டும் மரங்களின் அடியிற் செல்வதில்லை. கடையில் வாங்கிய பொம்மை அங்கு அரிது. விழுந்து கிடக்கும் அடிமரம் ஒருநாள் கப்பலாகும், மறுநாள் கடையாகும், அதற்கடுத்த நாள் ஏறிக் குதிக்கும் மேடையாகும். கோல் ஒன்றே மீன்தூண்டிலும் அகப்பையும் குதிரையும் ஆகும். குழந்தைகள் தம் மனம்போல் ஓடலாம். ஆயினும், வழியில் குறித்த மரத்தடியை அடைந்தால், எல்லாரும் வந்து சேரும்வரை அங்கே நிற்றல் வேண்டும். காட்டில் காணும் பழத்தை வாயில் இடுதல் ஆகாது. சிறு கத்தியாற் செதுக்க விரும்பும் குழந்தை அமர்ந்தே செதுக்க வேண்டும். கத்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு நடத்தல் கூடாது. விதிகள் சிலவே. ஆனால், அவற்றுள் ஒவ்வொன்றின் காரணமும் குழந்தைக்குக் கண்கூடாக விளங்குவதால், எவரும் மீறுவது குறைவு.

கத்தி என்றதும் பெற்றோர் நெஞ்சம் திடுக்கிடும். அவ்வச்சம் இயற்கையே. மரத்திலிருந்து விழுந்தால் கால் முறியாதா, புதரில் நச்சுயிர் இராதா என்று கேட்பது அன்பின் அடையாளம். ஆயினும், இடர் ஒன்றும் இல்லாத அறையில் வளர்ந்த குழந்தை இடரை அளந்தறியக் கற்பது எங்கே? எந்தக் கிளை தன்னைத் தாங்கும், எது தாங்காது என்பதைக் குழந்தை தாழ்ந்த கிளையிற் கற்றுக்கொள்ளாவிடின், பின்னர் உயர்ந்த கிளையிற் கற்க நேரிடும். காணா இடர் வேறு, கண்டறிந்த இடர் வேறு. நச்சுயிரும் பட்ட கிளையும் காணா இடர்கள். அவற்றை முன்சென்று பார்த்து விலக்குவது ஆசிரியர் கடன். தாழ்ந்த கிளையும் சரிவான பாறையும் குழந்தை தானே கண்டறியத் தக்கவை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி எல்லாவற்றையும் விலக்கும்போதுதான் குழந்தை பெஞ்சில் அமர்த்தப்படுகிறது.

பெஞ்சிலும் ஓர் இடர் உண்டு. அது உடனே தெரிவதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் மூன்றாண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு பயிலும் சிறுவரை உடைய பன்னிரு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஆறு பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்த வெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டு முடிவில், மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. வெளியில் இருந்தோருள் நூற்றுக்கு 30.4 பேருக்கே தோன்றியிருந்தது. அச்சிறுவர் கே.ஜி. வயதினைக் கடந்தவர் என்பது மெய்யே. ஆயினும், ஆறு வயதுக் கண்ணுக்கு நன்மை செய்யும் பகலொளி நான்கு வயதுக் கண்ணுக்குத் தீமை செய்யும் என்று எவரும் கூறார். 40 நிமிடம் என்பது ஒரு பாடவேளை. அதற்கு விலையும் இல்லை.

இனி, எழக்கூடிய மறுப்புகளுள் வலிமை வாய்ந்த ஒன்று உண்டு. காட்டுப் பள்ளி செல்வர்க்கு உரிய விளையாட்டு அன்றோ? ஏழைக் குழந்தை பிறந்தது முதல் மண்ணில்தான் புரள்கிறது. வெயிலும் மழையும் அதற்குப் புதியன அல்ல. அதற்கு வேண்டுவது இயற்கையா, எழுத்தா? இம்மறுப்பினை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மண்ணில் புரளும் குழந்தைகள் எல்லாம் அதனாலேயே கல்வி பெற்றுவிடுவதில்லை. பசித்த குழந்தைக்குப் பூவின் நிறம் தெரியாது. ஆகவே, இயற்கை ஒன்றே ஆசிரியர் என்று பேசுவது மிகை. தோட்டத்தோடு தோட்டக்காரரும் வேண்டும்.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் மக்மில்லன் உடன்பிறந்தார். இலண்டன் மாநகரின் தென்கிழக்கில் டெப்ட்போர்டு என்பது ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒளி புகாத ஈர அறைகளில் வாழ்ந்த குழந்தைகள் கணைச்சூட்டாலும் தோல்நோயாலும் என்புருக்கியாலும் நலிந்தனர். ரேச்சல், மார்கரெட் என்னும் அவ்விரு பெண்மணிகளும் 1914ஆம் ஆண்டு அங்குத் திறந்தவெளிக் குழந்தைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பள்ளியின் நடுவிடம் தோட்டம். வகுப்பறைகளோ ஒரு புறம் திறந்த கொட்டில்கள். ஆனால், காலையில் வரும் குழந்தைக்கு முதலிற் கிடைத்தது குளியல், பிறகு உணவு, நண்பகலில் திறந்த வெளியில் கட்டிலிட்டு உறக்கம். பூவும் கீரையும் இவற்றோடு சேர்ந்தே வந்தன. ரேச்சல் 1917ஆம் ஆண்டு மறைந்தார். மார்கரெட் தம் இறுதி வரை, 1931 வரை, அப்பணியை நடத்தினார்.

இந்திய நாட்டிலும் இத்தகைய இருவர் தோன்றினர். குசராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேகா 1920ஆம் ஆண்டு நிறுவிய பாலமந்திரில் பணியாற்றிப் பயிற்சி பெற்றவர் தாராபாய் மோடக். அவர் 1945ஆம் ஆண்டு, இன்றைய மகாராட்டிரத்தின் கடற்கரை ஊராகிய போர்டியில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்பவர் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1950களின் பிற்பகுதியில் அந்நிலையம் அருகிலுள்ள கோஸ்பாடு குன்றிற்கு மாறியது. அங்கு வாழ்வோர் வார்லி முதலிய பழங்குடி மக்கள். பள்ளி திறந்திருந்தது; குழந்தைகள் வரவில்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, மூத்த குழந்தை இளங்குழந்தையை இடுப்பில் ஏந்திக் காவல் இருந்தது. சற்றுப் பெரிய பிள்ளைகள் மாடு மேய்த்தனர்.

குழந்தை பள்ளிக்கு வரவில்லையெனில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்று அவ்விருவரும் துணிந்தனர். ஆசிரியர் குடிசைக்குச் சென்றார். குடிசையின் முற்றத்தில் பள்ளி நடந்தது. குழந்தைகளைக் கழுவித் துடைத்தனர், தலைவாரினர், பாடினர், ஆடினர். கூழாங்கல்லும் விதையும் கிளிஞ்சலும் எண்ணுவதற்கு உதவின. இலையும் பூவும் நிறம் பிரித்தறியப் பயன்பட்டன. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கென மேய்ச்சல் நிலத்திலேயே ஒரு பள்ளி அமைத்தனர். முற்றத்துப் பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் 'அங்கன்வாடி'. அங்கணம் என்றால் முற்றம். வாடி என்றால் தோட்டம். மரவாடி, விறகுவாடி எனத் தமிழில் வழங்கும் சொல்லும் அடைப்புடைய வெளியையே குறிக்கிறது. புரோபெல் இழந்த தோட்டம், ஒரு நூற்றாண்டு கழித்து, ஓலைக் குடிசையின் முற்றத்தில் மீண்டும் பெயர் பெற்றது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, அதன் நிலையங்களுக்கு அங்கன்வாடி என்னும் பெயரே சூட்டப்பட்டது. இன்று அவை 13 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. ஊட்டமும் தடுப்பூசியும் அவற்றால் எண்ணற்ற குழந்தைகளை எய்தின; இதனை மறுப்பார் இலர். ஆயினும், முற்றம் என்ற பெயருடைய அந்நிலையங்கள் பலவற்றில் முற்றம் இல்லை. ஒற்றை அறையும் ஓர் அடுப்பும் உண்டு. முதலில் ஒரு தோட்டம் பெயராக மட்டும் எஞ்சியது. பின்னர் ஒரு முற்றமும் அவ்வாறே எஞ்சியது.

இதற்குக் காரணம் இடக்குறை மட்டும் அன்று; பெற்றோரின் விருப்பமும் ஒரு காரணமே. அயல்வீட்டுக் குழந்தை ஆங்கில எழுத்துகளைக் கோவையாகச் சொல்ல, தன் குழந்தை மண்ணோடு வருவதைக் கண்டால் ஏழைத் தாயின் உள்ளம் பதைக்கிறது. கல்வியை ஒன்றே ஏணியாகக் கொண்டவள் அவள். ஏணியின் முதற்படியை எழுத்து என்று எண்ணுகிறாள். அவ்வெண்ணத்தை இகழ்தல் தகாது. அதில் உள்ள பிழையைக் காட்டுதலே தகும். எழுத்துக்கு முன்பு சொல் வேண்டும். சொல்லுக்கு முன்பு பொருள் வேண்டும். வழுவழுப்பு என்னும் சொல்லைக் கூழாங்கல்லைத் தடவிய விரல் அறிகிறது. சொரசொரப்பை வேப்பமரத்தின் பட்டை அறிவிக்கிறது. துளிர், கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனத் தமிழ் ஓர் இலைக்கே எத்துணைப் பெயர்களை வைத்துள்ளது! ஒரு மரத்தடியில் ஓராண்டு விளையாடிய குழந்தைக்கு இவையனைத்தும் சொந்தமாகும். பின்னர் ஏட்டில் 'சருகு' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, அக்குழந்தையின் காதில் சருகு ஒலிக்கும். படத்தில் மட்டும் கண்ட குழந்தைக்கு அது மூன்றெழுத்து.

விரலின் நிலையும் அத்தகையதே. களிமண் பிசைந்து, நார் கிழித்து, விதை பொறுக்கிய விரல்கள் எழுதுகோலை எளிதிற் பற்றும். அதற்கு முன்பே கோடிட்ட ஏட்டில் வரி வரியாக எழுதச் செய்வது, நடக்கத் தொடங்காத குழந்தையை ஓடச் சொல்வதை ஒக்கும்.

வெயிலின் கொடுமையும் ஒரு தடை என்பர். ஐரோப்பியக் குழந்தை வெயிலைத் தேடி வெளியே செல்கிறது. தமிழகத்துக் குழந்தையோ சித்திரையில் வெயிலுக்கு ஒதுங்க வேண்டியதாகிறது. ஆகவே, அங்குள்ளதை அப்படியே இங்கு நடுதல் பொருந்தாது. இங்குக் காலை எட்டு முதல் பத்து மணி வரையே வெளியிற்குரிய வேளை. அதன் பின்னர் மரநிழலும் திண்ணையும் உதவும். வேம்பும் புங்கும் பூவரசும் சில ஆண்டுகளில் நிழல் தருபவை. மழைக்காலத்தில் நத்தையும் தவளையும் மண்புழுவும் தாமே பாடம் சொல்ல வரும். அப்போது தேங்கிய நீரில் கொசு பெருகாமற் காப்பது பெரியவர் பொறுப்பு.

அங்கன்வாடிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்குமாறு அரசு அண்மைக் காலத்தில் ஊக்கி வருகிறது. முருங்கையும் கீரையும் கறிவேப்பிலையும் சமையலுக்கு உதவும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்தே. ஆயினும், அத்தோட்டம் பணியாளர் மட்டும் நீரூற்றும் தோட்டமாயின், குழந்தைக்கு அது இன்னொரு படமாகவே முடியும். அதன் ஒரு பகுதியிலேனும் குழந்தைக்கு ஒரு பாத்தி ஒதுக்குதல் இயலும். இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். நிலமே இல்லாத நகரத்து நிலையத்தில், பழைய சாக்கில் மண் நிரப்பி வாயிற்படியருகே வைக்கலாம். பாத்தியின் ஓரத்தில் குச்சி நட்டு, அதில் குழந்தையின் பெயரையும் செடியின் பெயரையும் எழுதிக் கட்டலாம். எழுத்தின் பயனைக் குழந்தை அங்கே முதன்முதலாக அறியும். துளையிட்ட கொட்டாங்கச்சியே பூவாளி ஆகும். சிறுகீரை விதைத்தால், இருபத்தைந்து நாளளவில் அது பறிக்கும் பருவம் அடையும். பறித்த கீரையை அன்றைய மதிய உணவிலேயே சேர்க்கலாம்.